வராத தாயைத் தேடிப் போ

அன்புள்ள மகள்,

நெடுந்தீவுக்குக் குடும்பநல உத்தியோகத்தராக நியமனம் கிடைத்ததாக அம்மா சொன்னா. மிகவும் சந்தோஷம். தீவுப் பகுதியிலேயே இந்த வேலையைச் செய்து ஓய்வு பெற்றவள் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

1973 இல் விநியோகம் தொடங்கிய திரிபோஷா என்ற சத்துமா கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் எடை குறைந்த பிள்ளைகளுக்கும் கிளினிக் வழியாகவே போகிறது. கர்ப்பிணிகளுக்கான போசாக்குப் பொதியும் உன்னிடம் பதிந்தவர்களுக்குத்தான். ஆகவே கிளினிக்குக்கு வராதவளுக்கு எதுவும் போய்ச் சேராது. உதவி அதிகம் தேவைப்படுகிறவளும் பெரும்பாலும் அவள்தான்.

அவள் ஏன் வரவில்லை என்று கேட்டறி. ஒருநாள் கூலியை இழக்க முடியாதவளாக இருக்கலாம். "பிள்ளை மெலிவு எண்டு எல்லாருக்கும் முன்னால சொல்லுவினம்" என்று கூச்சப்படுகிறவளாக இருக்கலாம். எடை குறைந்ததற்கு ஒருநாளும் தாயை ஏசாதே. ஏச்சு வாங்கியவள் அடுத்த மாதம் வரமாட்டாள்.

பிள்ளையின் வளர்ச்சிக் கோடு அட்டையின் பச்சைப் பகுதிக்குள் இருந்தாலும், ஏறாமல் கிடையாக ஓடத் தொடங்கினால் அன்றைக்கே வீட்டு நிலைமையை விசாரி. 750 கிராம் திரிபோஷாப் பொதியை நாளுக்கு 50 கிராமாகக் கொடுத்தால் 15 நாளைக்கு வரும். நாலு பிள்ளைகள் பங்கிட்டால் 4 நாளும் தாண்டாது. அது தாயின் கவனக்குறைவல்ல, வீட்டில் வேறு சாப்பாடு இல்லை என்பதன் அடையாளம். அந்தக் குடும்பத்துக்கு அஸ்வெசும என்ற அரசாங்க நலன்புரிக் கொடுப்பனவு கிடைக்கிறதா என்று பார். இல்லாவிட்டால் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் நீயே பேசு. விண்ணப்பம் நிரப்பத் தெரியாதவளுக்குப் பக்கத்தில் இருந்து நிரப்பிக் கொடு. மறுக்கப்பட்டவளுக்கு மேன்முறையீடு செய்யலாம் என்று சொல்லு. இதெல்லாம் உன் வேலையல்ல என்று யாரும் சொன்னால் காதில் போடாதே.

வாடைக்காற்றுக் காலத்தில் குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகு ஓடாத நாட்கள் வரும். பொதிகளையும் இரும்புச்சத்துக் குளிசைகளையும் முன்கூட்டியே கேட்டு எடுத்து வை. குளிசையைத் தேத்தண்ணியோடு குடிக்க வேண்டாம் என்று ஒவ்வொரு தாய்க்கும் சொல்லு; தேயிலை இரும்புச்சத்தைச் சேரவிடாது. 2022 பொருளாதார நெருக்கடியில் பொதிகளுக்கே தட்டுப்பாடு வந்தது. ஆகவே முருங்கையிலை, பயறு, உழுந்து, மலிவாகக் கிடைக்கும் சின்ன மீன் ஆகியவற்றைக் கொண்டு பிள்ளைக்குச் சமைக்கும் முறையைக் கிளினிக்கிலேயே செய்து காட்டு.

மாத முடிவில் எத்தனை பொதி கொடுத்தாய் என்று அறிக்கை கேட்பார்கள். அதை ஒழுங்காக எழுதிக் கொடு. உனக்கென்று இன்னொரு கொப்பி வைத்திரு. அந்த மாதம் வராதவர்களின் பெயர்களை அதில் எழுது. அடுத்த கிளினிக்குக்கு முன் ஒவ்வொரு வீட்டுக்கும் போய் வந்து, பெயருக்கு நேரே காரணத்தையும் நீ செய்ததையும் குறித்து வை. உன் வேலை சரியாக நடக்கிறதா என்பதை அந்தக் கொப்பியைப் பார்த்தே நீ தெரிந்துகொள்ளலாம்.

அன்புடன்,
சின்னம்மா