கணிப்பொறியில் தமிழ் சிதைவது ஏன்?

கணிப்பொறியில் ஏதேனும் பிசகினால், பிழை தம்முடையதே என்று நம்மவர் எண்ணிக்கொள்கின்றனர். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த என் போன்றோர்க்கு இவ்வெண்ணம் இன்னும் மிகுதி. நாம் அன்றாடம் படும் இடர்ப்பாடுகளுள் ஒன்றையேனும் ஆராய்ந்தால், குற்றம் வேறிடத்தில் இருப்பது விளங்கும்.

சிவகிரியில் ஒரு கடையில் தமிழில் அடித்த விண்ணப்பத்தைப் பென்டிரைவில் கொண்டுபோய்த் தென்காசியில் திறக்கிறோம். ‘தமிழ்’ என்ற சொல் இருந்த இடத்தில் ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நிற்கின்றன. “வைரஸ் புகுந்துவிட்டது” என்பார் கடைக்காரர். வைரஸ் ஏதும் இல்லை.

கணிப்பொறி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். ஆங்கிலச் சிறிய ‘ஜே’க்கு எண் 106. தமிழுக்கெனத் தனி எண்கள் இயக்கமுறைமையில் வழங்காத காலத்தில், பாமினி போன்ற எழுத்துருக்களை அமைத்தோர் அந்த 106-க்கு ‘த’ வடிவத்தை வரைந்து வைத்தனர். ஜேக்குத் தமிழ்ச் சட்டை அணிவித்தது போலத்தான். அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறியில் சட்டை கழன்று ஜேயே தெரிகிறது. அன்றைய நிலையில் அது அரிய பணி. அதனைக் குறை கூறுவதற்கில்லை.

1991-இல் வெளிவந்த யூனிகோடு முறையிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. அதில் ‘த’வின் எண் 2980, வேறெந்த மொழியின் எழுத்துக்கும் அவ்வெண் இல்லை. விண்டோஸ் 2000 இம்முறையில் தமிழை ஏற்றது. தமிழக அரசும் 2010-இல் ஏற்றது. பின்னரும் பழைய எழுத்துருக்கள் கடைகளில் நிலைத்தது ஏன்?

விசைப்பலகையே காரணம் என்பது என் கருத்து. விண்டோஸ் முதலில் தந்தது இன்ஸ்கிரிப்ட் பலகை. நம் பக்கத்தில் அதனைப் பயின்றோர் அரியர். தட்டச்சில் லோயரும் ஹையரும் தேறியவர்கள் ‘கொ’ எழுத ஒற்றைக் கொம்பை முதலில் அடித்துப் பழகியவர்கள். யூனிகோடோ ‘க’வை முதலில் வைக்கிறது. தமிழக அரசு 1999-இல் ஏற்ற தமிழ்99 பலகையோ, விண்டோஸோடு சேர்ந்து வந்தது 2019-இல்தான். இருபது ஆண்டுகள்! அதுவரை தனி மென்பொருளைத் தேடி நிறுவ வேண்டியிருந்தது. பழகிய கை பழைய எழுத்துருவையே நாடியதில் வியப்பென்ன?

இழப்பு சிறிதன்று. பழைய கோப்பில் ‘சிவகிரி’ என்று யூனிகோடில் தேடினால் ஒன்றும் அகப்படாது. நூறு இடத்தில் அச்சொல் இருந்தாலும் கணிப்பொறிக்கு அவை வெறும் ஆங்கிலக் குவியல். பட்டா மனுவோ பாடக்குறிப்போ, எதுவாயினும் இதே கதிதான்.

மாற்றித்தரும் மென்பொருள்கள் உண்டு. ஆயினும் ஓர் எச்சரிக்கை. தமிழின் இடையே ஆங்கிலப் பெயரோ மின்னஞ்சல் முகவரியோ இருந்தால், அதனையும் தமிழென்றே கொண்டு உருத்தெரியாமல் மாற்றிவிடும். எனவே எழுத்துரு சரியாக உள்ள கணிப்பொறியிலேயே முதலில் ஒரு படி அச்சிட்டு வைத்துக்கொண்டு, மாற்றிய கோப்பை அதனோடு வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.