மூட்டையில் வந்த தழைச்சத்து எங்கே போகுது?

ஒரு மூட்டை யூரியாவைப் பிரித்துக் கணக்குப் போடுவோம். மூட்டை 45 கிலோ. அதில் தழைச்சத்து 46 சதவீதம். ஆக, 20 கிலோ 700 கிராம். தண்ணீர் நிற்கிற வயலில் அதை வீசினால் நெல் எடுத்துக்கொள்வது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். அதாவது 7 கிலோ. மீதி 13 கிலோவுக்கு மேல் எங்கே போச்சு?

சத்து சுற்றும் விதம்

காற்றில் 78 சதவீதம் தழைச்சத்துதான். ஆனா செடியால் அதை நேராக எடுக்க முடியாது. மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் பிடித்துக் கொடுக்கணும். பயறு, வேர்க்கடலை, தக்கைப்பூண்டு இவற்றின் வேரைப் பிடுங்கிப் பாருங்கள், முண்டு முண்டாக இருக்கும். முண்டை நசுக்கினால் உள்ளே சிவப்பாக இருந்தால் வேலை நடக்குதுன்னு அர்த்தம். செடியைத் தின்ற மாடு சாணமாகத் திருப்பித் தருது. உதிர்ந்த இலை மக்குது. மண்ணில் இருக்கும் வேறுவகை நுண்ணுயிர்கள் ஒரு பகுதியைத் திரும்பக் காற்றுக்கே அனுப்புது. இதுதான் சுழற்சி.

மணிச்சத்து அப்படியில்லை. அது காற்றில் கிடையாது, பாறையிலிருந்து வருவது. டி.ஏ.பி.க்கு வேண்டிய பாறையும் அமிலமும் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருது. சாம்பல்சத்தில் பெரும்பங்கு நெல்மணியில் இல்லை, வைக்கோலில் இருக்கு. வைக்கோலைக் கட்டுக் கட்டாக விற்றால் சாம்பல்சத்தையும் சேர்த்தே விற்கிறோம்.

வட்டம் கோடாக மாறினால்

மீதி 13 கிலோவில் கொஞ்சம் மண்ணிலேயே தங்கும். ஒரு பகுதி அம்மோனியாவாக ஆவியாகும். ஒரு பகுதி சேற்றுக்குள் நுண்ணுயிர்களால் வாயுவாகிக் காற்றில் கலக்கும். அதில் நைட்ரஸ் ஆக்சைடும் உண்டு. பூமியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைப் போல சுமார் 270 மடங்கு. இன்னொரு பகுதி நைட்ரேட்டாகக் கரைந்து கீழே இறங்கும். கரும்பு, காய்கறி, பூத்தோட்டம் போன்ற மேட்டுப்பயிரில் இந்த இறக்கம் அதிகம்.

கீழே இறங்கினால் அது நம்ம கிணறு, நம்ம போர். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான் இந்தியத் தர அளவு. அதைத் தாண்டிய தண்ணீரில் பால்மாவு கலக்கிக் கொடுத்தால் ஆறு மாதத்துக்குள் இருக்கும் பச்சிளங்குழந்தையின் ரத்தத்தில் பிராணவாயு ஏறாமல் உடம்பு நீலம் பாயலாம். கொதிக்க வைத்தாலும் நைட்ரேட் போகாது. தண்ணீர் சுண்டுவதால் அளவு கூடத்தான் செய்யும்.

மேலே ஓடினால்? மணவூர், திருவாலங்காடு பக்கம் வயல் கழிவு ஏரிக்குப் போகுது. ஏரி நிறைந்து கலங்கல் வழிந்தால் கொசஸ்தலை ஆறு. அங்கிருந்து 1944-இல் கட்டிய பூண்டி நீர்த்தேக்கம், அதாவது சென்னையின் குடிநீர். அதையும் தாண்டினால் எண்ணூர்க் கடல். நம்ம நெல்லும் காய்கறியும் போகிற அதே சென்னைக்கு நம்ம உரமும் தண்ணீரில் போகுது.

ஏரியில் மணிச்சத்தும் தழைச்சத்தும் சேர்ந்தால் பாசியும் ஆகாயத்தாமரையும் மண்டும். அவை செத்து அழுகும்போது தண்ணீரின் பிராணவாயுவை அழுகலே தின்றுவிடும். விடியற்காலையில் மீன் செத்து மிதப்பது இதனாலும்தான். அமெரிக்காவில் மிசிசிப்பி ஆறு கடலில் சேரும் இடத்தில் கோடைதோறும் பெரும்பரப்பு இப்படி உயிரற்றுப் போகுது.

வட்டத்தை எப்படி மூடுவது?

1. மணிச்சத்து தண்ணீரில் அதிகம் கரைவதில்லை, மண்ணோடு ஒட்டிப் போகும். அது படிந்த இடம் ஏரி வண்டல். ஏரியைத் தூர்வாரி வண்டலை வயலுக்கு அடித்த நம்ம முன்னோர் ஓடிப்போன சத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். இன்றும் வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி வாங்கி வண்டல் எடுக்கலாம்.

2. நடவுக்கு 50 நாள் முன்பு ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதையுங்கள். பூ எடுக்கும் சமயம், 45 நாளில், மடக்கி உழுங்கள்.

3. வைக்கோலை மாட்டுக்குப் போட்டு எருவாக்குங்கள், அல்லது மூடாக்காகப் போடுங்கள். ஆட்டுக்கிடை வந்தால் விடாதீர்கள்.

4. வரப்பை உயர்த்துங்கள். மழைநீரோடு மேல்மண் ஓடக்கூடாது.

5. எருக்குழி கிணற்றடியில் வேண்டாம். சாணத்திலிருந்து இறங்குவதும் நைட்ரேட்தான். இயற்கை உரம் என்பதற்காகக் கிணறு அதை மன்னிக்காது. கொட்டகை போட்டு, மேட்டில் குவியுங்கள்.

6. குடிக்கிற தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் ஒருமுறை பரிசோதியுங்கள். நைட்ரேட் எவ்வளவுன்னு கேட்டு வாங்குங்கள்.

இந்தப் போகத்தில் ஒரு தாளை எடுத்து இரண்டு பத்தி போடுங்கள். வயலை விட்டு வெளியே போனது ஒரு பக்கம்: மூட்டை நெல், வைக்கோல் கட்டு, கரும்பு டன். திரும்பி உள்ளே வந்தது மறுபக்கம்: எரு வண்டி, வண்டல் டிராக்டர், தழை. கடைக்காரரிடம் வாங்கியதைத் தனியாக எழுதுங்கள். அந்த மூன்றாவது பத்தி வருஷா வருஷம் சுருங்கினால் உங்கள் நிலம் சரியான வழியில் போகுது.