சர்ச் கல்யாணத்துக்குப் பாட்டும் புத்தகமும் – வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே!

திருநெல்வேலிப் பக்கம் சர்ச்சில் கல்யாணம் என்றால், வாசலிலேயே ஆளுக்கொரு சின்னப் புத்தகம் கொடுப்பார்கள். எப்போது எழுந்து நிற்பது, என்ன பாட்டு, யார் வேதம் வாசிப்பது என்பதெல்லாம் அதில் இருக்கும். என் தங்கை திருமணத்தில் இந்தப் புத்தகமும் இசையும் என் பொறுப்பு ஆயின. போதாததற்குத் தங்கை ஒன்று கேட்டாள்: "அண்ணே, அப்பா பாடின கேசட்ல இருந்து ஒரு பாட்டு வரணும்." அப்பா காலமாகிவிட்டார். அவர் குரல் இருப்பது அந்த ஒரு கேசட்டில் மட்டும்தான். இந்த வேலையில் நான் இரண்டு இடங்களில் சறுக்கினேன். நீங்கள் சறுக்காமல் இருக்க வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் பட்டியல்

எக்ஸெல்லில் நான்கு காலம் போடுங்கள்: நிகழ்வு, பாட்டு, எத்தனை சரணம், எத்தனை நிமிடம். ஆராதனை வரிசையை ஆயரிடம் கேட்டு நிரப்புங்கள். பாட்டுகளையும் அவரிடம் காட்டிச் சம்மதம் வாங்குங்கள். உதாரணத்திற்கு, மணமகள் நுழைய எல்லோரும் கேட்கும் மெட்டு, 1850-ல் அரங்கேறிய வாக்னரின் லோஹென்கிரின் ஆபெராவில் வருவது. அந்தக் கதையில் திருமணம் அன்றே முறிந்துவிடும்! அதனால் சில ஆலயங்களில் அதை விரும்புவதில்லை. மெண்டல்சன் 1842-ல் அமைத்த திருமண அணிவகுப்பு இசை, மணமக்கள் வெளியே வரும்போது பொருந்தும்.

சரணங்களின் எண்ணிக்கையைக் கீபோர்டு வாசிப்பவரிடமும் சொல்லிவிடுங்கள். புத்தகத்தில் மூன்று சரணம் இருந்து அவர் ஐந்து வாசித்தால், சபை முழுவதும் வாய் மூடி நிற்கும்.

2. புத்தகம்

வேர்டில் லேஅவுட் சென்று, சைஸ் என்பதில் ஏ5 தேர்ந்தெடுங்கள். ஏ4 தாளை இரண்டாக மடித்தால் கிடைக்கும் அளவு இது. ஒரு தாளில் நான்கு பக்கம் வருவதால், மொத்தப் பக்கங்கள் 4, 8, 12 என்றுதான் இருக்க வேண்டும். எங்களுக்கு 8 பக்கம், அதாவது இரண்டே தாள். பாட்டு வரிகளுக்கு 14 பாயிண்ட் கொடுங்கள். பாட்டி கண்ணாடி இல்லாமல் வாசித்தார். சர்ச் பழக்கமில்லாத விருந்தினர்களுக்காக, 'எழுந்து நிற்கவும்', 'அமரவும்' என்பவற்றைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

நான் முதலில் சறுக்கியது இங்கேதான். கீர்த்தனைகள் சர்ச்சில் பழைய பாண்டில் அடித்து வைத்திருந்த பைலில் இருந்தன. அப்படியே ஒட்டினேன். என் கம்ப்யூட்டரில் அந்த பாண்ட் இருந்ததால் தமிழ் தெரிந்தது. அச்சுக்கடையில் திறந்தால், பாட்டு முழுவதும் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டியது! யூனிகோடுக்கு முந்தைய பாண்டுகள் பலவற்றில் ஆங்கில எழுத்தின் இடத்தில்தான் தமிழ் எழுத்தை வைத்திருப்பார்கள். பாண்ட் இல்லாவிட்டால் ஆங்கிலம் வெளியே வந்துவிடும். எனவே எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றுங்கள். பிறகு சேவ் ஆஸ் சென்று பி.டி.எப். ஆகச் சேமித்து, அதையே கடைக்குக் கொண்டு போங்கள். எழுத்து உருவங்களும் பைலுடனேயே போய்விடும்.

பிரிண்ட் எடுக்க, அடோபி ரீடரின் பிரிண்ட் பெட்டியில் புக்லெட் என்பதைக் கிளிக் செய்யுங்கள். முதல் தாளின் ஒரு புறம் 8-ம் 1-ம், மறுபுறம் 2-ம் 7-ம் வரும். அடுத்த தாளில் 6-ம் 3-ம், பின்னால் 4-ம் 5-ம். அருகருகே உள்ள எண்களைக் கூட்டினால் 9 வரவேண்டும். வராவிட்டால் எங்கோ தவறு. ஒரே ஒரு பிரதி எடுத்து, மடித்துப் படித்துப் பார்த்த பிறகே மீதியை அச்சிடுங்கள். பெயர்ப் பிழை அப்போதுதான் கண்ணில் படும்.

3. கேசட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு

டேப் ரிக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து கம்ப்யூட்டரின் லைன்-இன் துளைக்கு ஒயர் போடுங்கள். லேப்டாப்பில் லைன்-இன் இல்லையென்றால், அந்த வசதியுள்ள யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு வேண்டும். இலவச மென்பொருளான ஆடாசிட்டியில் ரிக்கார்டு செய்யுங்கள். முதல் வேலையாக அதை வேவ் பைலாகச் சேமித்து, ஒரு பிரதியைத் தனியே வைத்துவிடுங்கள். நிமிடத்திற்குச் சுமார் 10 எம்.பி. பிடிக்கும், பரவாயில்லை. பிரதியில் மட்டும் கை வையுங்கள்.

இரைச்சலைக் குறைக்க, குரல் இல்லாமல் 'உஸ்' மட்டும் கேட்கும் இரண்டு நொடிகளைத் தேர்ந்தெடுங்கள். எபெக்ட் மெனுவில் நாய்ஸ் ரிடக்சன் சென்று, கெட் நாய்ஸ் ப்ரொபைல் அழுத்துங்கள். பிறகு முழுப் பாட்டையும் தேர்ந்தெடுத்து, மீண்டும் அதே இடம் சென்று ஓகே கொடுங்கள்.

இரண்டாவது சறுக்கல் இங்கே. இரைச்சல் துளியும் இருக்கக்கூடாது என்று அளவைக் கூட்டிக்கொண்டே போனேன். இரைச்சல் போனது, கூடவே அப்பாவும் போய்விட்டார்! தகரத்துக்குள்ளிருந்து யாரோ பாடுவதுபோல் கேட்டது. தனியே வைத்த பிரதிதான் காப்பாற்றியது. அளவைக் குறைத்து மறுபடி செய்தேன். கொஞ்சம் 'உஸ்' இருக்கட்டும். குரல்தான் முக்கியம்.

4. நேரமும் வரிசையும்

ஒத்திகையில் தங்கை வாசலிலிருந்து பீடம் வரை நடக்க 1 நிமிடம் 20 நொடி ஆனது. பவனி இசையை அதைவிடச் சற்று நீளமாக வெட்டி, கடைசி 8 நொடிகளுக்கு பேட் அவுட் கொடுத்தேன். பதிவேட்டில் கையெழுத்துப் போடும் நேரத்தைக் கணிக்க முடியாது. அதற்குக் கூடுதலாக ஒரு பாட்டு வையுங்கள்.

பென் டிரைவை எப்ஏடி32 முறையில் பார்மட் செய்யுங்கள். பைல்களுக்கு 01, 02 என்று பெயரிட்டு, அதே வரிசையில் ஒவ்வொன்றாகக் காப்பி செய்யுங்கள். சில பிளேயர்கள் காப்பி ஆன வரிசையில்தான் பாடும். மொபைலில் இருந்து பாடவிட்டால், ஏரோபிளேன் மோடில் போட மறக்காதீர்கள். ஜெபத்தின் நடுவே ஸ்பீக்கரில் ரிங்டோன் வந்தால் தாங்காது!

கையெழுத்துப் போடும் நேரத்தில் 04-ஐப் போட்டோம். அப்பாவின் கீர்த்தனை புத்தகத்தின் 7-ஆம் பக்கத்தில் இருந்தது. யாரும் சொல்லாமலே சபையார் பக்கத்தைத் திருப்பி, அவரோடு சேர்ந்து பாடினார்கள். வரிகளை அச்சிட்டது வீண் போகவில்லை.

உங்கள் வீட்டிலும் பழைய கேசட் இருந்தால், கல்யாணம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுங்கள்.