புதுப்பித்த வீட்டில் மீண்டும் குடிபுகுமுன்

தீபாவளிக்கு முன்னரும், பிள்ளைகளின் திருமணத்தை ஒட்டியும் வீட்டைப் பழுதுபார்ப்பது நம் தோட்டங்களில் நெடுநாளைய வழக்கமாகும். சமையற்கட்டுக்குச் சிமெந்துத் தரை போடுகிறோம். உளுத்த பலகையைப் பெயர்த்துவிட்டுச் செங்கற்சுவர் எழுப்புகிறோம். ஒழுகும் கூரைக்குப் புதிய தகரம் வேய்கிறோம். கொத்தனார் கரண்டியைக் கழுவி வைத்ததும் வேலை முடிந்துவிட்டதென மகிழ்கிறோம். ஆயினும், அவர் விட்டுச்சென்ற தூசியும் ஆணியும் வெற்று டின்களும் அகற்றப்படாத வரையில், அவ்வீடு குழந்தைகள் தவழ்வதற்கு ஏற்ற வீடாகாது. அதனை முறையாகத் துப்புரவு செய்யும் வழிகளை இங்குக் காண்போம்.

துடைப்பத்தை எடுக்குமுன்

முதலில் ஒரு வினாவை எழுப்பிக்கொள்ள வேண்டும்: கழற்றப்பட்ட பழைய கூரை எதனால் ஆனது? பழைய லயத்து வீடுகள் சிலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் எனப்படும் கல்நார் கலந்த சாம்பல் நிறத் தகடுகள் வேயப்பட்டிருந்தன. அவை முழுமையாக இருக்கும்போது பெருந்தீங்கு செய்வதில்லை. உடைக்கும்போதும், அறுக்கும்போதும், துளையிடும்போதும் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய இழைகள் காற்றில் பறக்கின்றன. அவற்றைச் சுவாசிப்பவருக்கு அன்று இருமல் கூடத் தோன்றாதிருக்கலாம். இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து நுரையீரலைத் தாக்கும் கொடிய நோய்களாக அது வெளிப்படக்கூடும்.

ஆகவே, அத்தகைய தகட்டுத் துண்டுகள் கிடப்பதாக ஐயம் எழுந்தால் அவற்றைக் கூட்டித் தள்ளாதீர்கள். பிள்ளைகளை அப்புறப்படுத்திவிட்டுத் தோட்ட நிர்வாகத்துக்கு உடனே தெரிவியுங்கள். தோட்டக் குடியிருப்புகளை நல்ல நிலையில் பேணுவது முதலாளிமாரின் கடமை என்பதை 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்பு, வசதிகளின் குறைந்தபட்சத் தரச் சட்டம் வலியுறுத்துகின்றது. ஆதலின், இதனைக் கேட்பதற்கு எவரும் தயங்க வேண்டியதில்லை. பயிற்சி பெற்றவர் வந்து அகற்றும் வரையில் தகடுகளை நீரால் நனைத்துத் தடித்த பிளாஸ்டிக் விரிப்பால் மூடி வையுங்கள். சாதாரணத் துணி முகமூடி அவ்விழைகளைத் தடுக்காது என்பதை மறவாதீர்கள்.

தூசியின் இயல்பு

கல்நார் இல்லாத வீட்டிலும் சிமெந்தும் மணலும் கலந்த தூசி நிறைந்திருக்கும். மணலில் உள்ள சிலிக்கா என்னும் பொருளின் நுண்துகள் நெடுங்காலம் சுவாசிக்கப்பட்டால் நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1997ஆம் ஆண்டிலேயே வகைப்படுத்தியது. ஒருநாள் துப்புரவு அத்துணைக் கேடு விளைவிக்காது. எனினும், ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கும் முதியவருக்கும் அத்தூசி அன்றே மூச்சுத்திணறலை உண்டாக்கலாம்.

உலர்ந்த துடைப்பத்தால் கூட்டினால் தூசி போவதில்லை. அது எழும்பிப் பல மணி நேரம் காற்றில் மிதந்து, மீண்டும் பாயிலும் தொட்டிலிலும் படிகின்றது. ஆகவே, சன்னல்களைத் திறந்து வையுங்கள். தரையில் சிறிது நீர் தெளித்த பின்னரே கூட்டுங்கள். மின்விசையை நிறுத்திவிட்டு, விளக்கு, மின்விசிறி, சட்டங்கள் ஆகியவற்றிலிருந்து தொடங்கி, சுவர், சன்னல், இறுதியாகத் தரை என மேலிருந்து கீழாக ஈரத்துணியால் துடையுங்கள். மின்பொத்தான்களுக்கு உலர்ந்த துணியையே பயன்படுத்த வேண்டும். துடைப்பதற்கு ஒரு வாளியும், துணியை அலசுவதற்கு மற்றொரு வாளியும் வைத்துக்கொள்வது நலம். மிதக்கும் தூசி இரவில் படிந்துவிடும். ஆதலால், மறுநாள் மீண்டும் ஒருமுறை துடைத்த பின்னரே படுக்கையையும் பாத்திரங்களையும் உள்ளே கொண்டுவர வேண்டும்.

புதிய சிமெந்துத் தரையைக் குறித்துப் பலரிடம் தவறான எண்ணம் உண்டு. சிமெந்து காய்ந்து இறுகுவதன்று. நீரோடு சேர்ந்து இறுகுவது. எனவே, முதல் ஒரு வாரம் அதனை ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். கனத்த அலமாரியையும் கட்டிலையும் அதன்மேல் இழுக்கலாகாது.

கறையும் ஆசிட்டும்

பீங்கான் ஓட்டிலும் சன்னல் கண்ணாடியிலும் ஒட்டிய சிமெந்துத் துளிகளை நீரில் ஊறவைத்து, மரச்சில்லால் மெல்லச் சுரண்டினாலே பெரும்பாலும் போய்விடும். இதற்கெனப் பால் கொட்டகையிலிருந்து பாலை உறையவைக்கும் ஆசிட்டைக் கொண்டுவருவது மிகத் தவறான செயலாகும். செறிவு மிக்க பார்மிக் அமிலம் தோலையும் கண்ணையும் பொசுக்கிவிடும். சிமெந்துத் தரையையே அரித்து மேடுபள்ளமாக்கிவிடும். அதனைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைத்தால், தாகத்தோடு வரும் பிள்ளை எடுத்துக் குடித்துவிடும் அபாயமும் உண்டு. மேலும், எந்த ஆசிட்டும் துணி வெளுக்கும் குளோரின் நீரோடு கலந்தால் நச்சு வாயு எழும். காற்றோட்டமற்ற குளியலறையில் அது உயிருக்கே ஆபத்தாகும்.

ஈரச் சிமெந்தும் தோலைப் புண்ணாக்கும் தன்மையது. அதனைக் கையாளும்போது ரப்பர் கையுறை அணிய வேண்டும். கண்ணில் பட்டால் தேய்க்காமல், ஓடும் நீரில் இருபது நிமிடம் கழுவிய பின்னர் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வாசலையும் மறவாதீர்

வீட்டினுள் பளபளப்பாக்கிவிட்டு, குப்பையைப் பின்புறத்துக் கானோரம் கொட்டுவோர் உளர். வெற்றுச் சாய டின்னும், சிமெந்துப் பையின் மடிப்பும், உடைந்த வாளியும் ஒரு மழைக்கே நீர் கோத்துக்கொள்ளும். ஏடிஸ் கொசு முட்டையிட்டுப் புதிய கொசுக்கள் பறப்பதற்கு ஏழு முதல் பத்து நாட்களே போதுமானவை. கொசு பெருக இடமளிப்பது 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டப்படி குற்றமாகும். அதனினும் பெரிது, டிங்கிக் காய்ச்சலில் நம் பிள்ளையோ அண்டை வீட்டார் பிள்ளையோ படுத்துவிடுவது. கானில் சாந்து உறைந்து நீரோட்டத்தைத் தடுத்துள்ளதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

ஆணிகளைப் பொறுக்க ஒரு பழைய காந்தம் பெரிதும் உதவும். ஆணி குத்திவிட்டால், சிறு காயந்தானே என அலட்சியம் செய்யாமல், சவர்க்காரமிட்டுக் கழுவி, அன்றே மருந்தகம் சென்று இசிவுநோய்த் தடுப்பூசி தேவையா எனக் கேட்டறியுங்கள். பச்சை நிறம் ஏறிய மருந்திட்ட பலகைத் துண்டுகளை அடுப்பில் எரிக்காதீர்கள்; அவற்றின் புகையிலும் சாம்பலிலும் ஆர்சனிக் என்னும் நஞ்சு இருக்கக்கூடும்.

விடியுமுன் எழுந்து பால்வெட்டச் செல்லும் பாட்டாளிக்கு ஓய்வு நாள் அரிது. அந்நாளில் கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளைகள் ஆகிய அனைவரும் வேலையைப் பகிர்ந்துகொண்டால் சுமை குறையும். பல மாதம் மிச்சம்பிடித்த பணத்தில் புதுப்பித்த வீடு, நமக்கு நிழலும் நலமும் ஒருங்கே தருவதாக அமைதல் வேண்டும். அதற்கு இரண்டு நாள் துப்புரவு சிறிய விலையேயாகும்.