நடு இரவில் அடிக்கும் அலாரம்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மகனுக்கு முதல் வகை நீரிழிவு. சர்க்கரையை அளக்கும் சென்சாரைக் கையில் மாட்டியதிலிருந்து நடு இரவில் ‘சர்க்கரை 54’ என்று போன் அலறுகிறது. பிள்ளையை எழுப்பிக் குளுக்கோஸ் கரைத்துக் கொடுக்கிறீர்கள். விடிந்து பார்த்தால் 280. “கருவி பொய் சொல்கிறதா, நான் தப்பு செய்கிறேனா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் மேல் தப்பு இல்லை. விற்றவர்கள் சொல்லித் தந்திருக்க வேண்டியதைச் சொல்லித் தரவில்லை. நானும் இன்சுலின் போட்டுக்கொண்டு, கையில் இதே சென்சார் வில்லையை ஒட்டிக்கொண்டு நடமாடுகிறவன், தெரிந்ததை எழுதுகிறேன்.

அந்தச் சென்சார் ரத்தத்தைத் தொடுவதே இல்லை. தோலுக்கடியில் செல்களுக்கு இடையே ஊறும் நீரில் இருக்கும் குளுக்கோஸைத்தான் அதன் மெல்லிய இழை அளக்கிறது. பையன் அந்தக் கையை அழுத்திப் படுத்துவிட்டால், அந்த இடத்தில் நீரோட்டம் குறைந்து, உடம்பில் சர்க்கரை சரியாக இருக்கும்போதே எண் சரிந்துவிடும். காலையில் வரைபடத்தைப் பாருங்கள். உண்மையான தாழ்வு பெரும்பாலும் சரிவாக இறங்கும். அழுத்தத்தால் வந்தது வெட்டிய கிணறு மாதிரி செங்குத்தாக இறங்கி, புரண்டு படுத்ததும் அதே வேகத்தில் ஏறிவிடும்.

அதற்காக, அடிக்கிற அலாரமெல்லாம் பொய் என்று இருந்துவிடாதீர்கள். இன்சுலின் போடும் குழந்தைக்கு இரவில் சர்க்கரை நிஜமாகவே இறங்கலாம். படுக்கையில் வைத்தே இரண்டையும் பிரித்துச் சொல்ல விரல் நுனி ரத்தம்தான் வழி. சென்சார் வந்துவிட்டது என்று குளுக்கோமீட்டரைப் பரணில் போட்டுவிடுகிறார்கள். அதுதான் எனக்குப் பெரிய கவலை. பிள்ளைக்கு வியர்த்துக் கொட்டினாலோ, கை நடுங்கினாலோ சோதனைக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம், உடனே சர்க்கரை கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் மட்டும் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். நேராக மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

அந்த 280க்கு, பொய்த் தாழ்வுக்குக் கொடுத்த குளுக்கோஸ் தவிர, இன்னொரு காரணமும் இருக்கலாம். ரத்தத்தில் ஏறிய சர்க்கரை, செல்களுக்கு இடையே உள்ள அந்த நீருக்கு வந்து சேர ஐந்து, பத்து நிமிடம், சில நேரம் அதற்கு மேலும் ஆகும். குளுக்கோஸ் குடித்து ரத்தத்தில் சர்க்கரை தேறிய பிறகும் போனில் 60 என்றே நிற்கும். பயந்துபோய் இன்னொரு தம்ளர் கொடுப்போம். மருத்துவர் சொன்ன அளவைக் கொடுத்துவிட்டு, 15 நிமிடம் கழித்து விரலில் குத்திப் பாருங்கள். அந்த நேரத்தில் சென்சாரைக் கேட்காதீர்கள்.

மாட்டிய முதல் நாள் எண்கள் கொஞ்சம் தடுமாறும். மாத்திரைகளும் குழப்பும். வைட்டமின் சி நாளுக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போனால் சில சென்சார்கள் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். வேறு சிலவற்றில் காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமாலே அந்த வேலையைச் செய்யும். உங்களுடையது எந்த வகை என்று பெட்டிக்குள் இருக்கும் தாளில் பாருங்கள். பொடி எழுத்துதான், ஆனாலும் படித்துவிடுங்கள்.

ஒட்டிய இடம் சிவந்து அரிக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். வியர்வை என்று தள்ளிவிடாதீர்கள். ஐசோபார்னைல் அக்ரிலேட் என்ற வேதிப்பொருள் சில சென்சார்களில் ஒவ்வாமை உண்டாக்குவதை 2017இல் ஐரோப்பியத் தோல் மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். ஒருமுறை வந்த ஒவ்வாமை பிறகு எளிதில் விடாது. கொப்புளம் கட்டினால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். வேறு நிறுவனத்தின் சென்சாருக்கு மாற வேண்டியிருக்கலாம். வில்லை நன்றாக ஒட்ட, மாட்டும் அன்று கையில் தேங்காய் எண்ணெய் படக் கூடாது. பள்ளிப் பையின் வாரில் சிக்கிப் பிய்ந்து வராதபடி மேலே ஒரு பிளாஸ்திரி ஒட்டிவிடுங்கள்.

இரண்டு வாரம் அளவே வரும் ஒரு வில்லைக்கு ஆயிரக்கணக்கில் ரூபாய் கொடுக்கிறோம். அது நாலாம் நாளே செத்துவிட்டால் தூக்கி எறியாதீர்கள். பெட்டியில் உள்ள வரிசை எண்ணோடு நிறுவனத்துக்குப் போன் செய்து மாற்றித் தரச் சொல்லுங்கள். தவறு எப்போதும் நம் பக்கம் இருப்பதில்லை. சென்சார் தயாரிக்கும் அபாட் நிறுவனமே 2025 நவம்பரில், தன் லிப்ரே 3 வகைச் சென்சார்களில் ஒரு பகுதி சர்க்கரையைத் தவறாகக் குறைத்துக் காட்டக்கூடும் என்று எச்சரித்தது.

இவ்வளவு சொன்னாலும், கழற்றிவிடுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. விரல் சோதனை அந்த நொடியை மட்டும் காட்டும். சர்க்கரை ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதைச் சென்சாரின் அம்புக்குறிதான் காட்டுகிறது. எண்ணோடு அந்த அம்பையும் சேர்த்துப் பாருங்கள். உடம்பு ஒன்றும் திரை ஒன்றும் சொன்னால், குத்திப் பார்க்காமல் இன்சுலின் அளவை மாற்றாதீர்கள்.

இன்றிரவு படுக்கும்போது மீட்டரையும் ஸ்ட்ரிப்பையும் தலைமாட்டில் வையுங்கள். அடுத்த சென்சாரை அவன் ஒருக்களித்துப் படுக்காத பக்கத்துக் கையில் மாட்டுங்கள். எத்தனை இரவு தூக்கம் கெட்டாலும் அலாரத்தை மட்டும் அணைத்துவிடாதீர்கள். ஒரு வாரத்து இரவு வரைபடங்களையும் விரல் சோதனை எண்களையும் எடுத்துக்கொண்டு போய் உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் சகோதரன்