அயலும் உறவும்

தமிழில் ‘அயல்’ என்ற சொல்லுக்கு இரண்டு முகங்கள் உண்டு. ‘அண்டை அயல்’ என்னும்போது அது அருகில் வாழ்பவரைச் சுட்டுகிறது. ‘அயலார்’ என்று தனித்துச் சொல்லும்போதோ, தொடர்பற்றவர் என்ற பொருளும் கூடவே வந்துவிடுகிறது. ஒரே சுவரின் மறுபுறம் வாழ்பவரும் அன்னியராக இருந்துவிடக்கூடும் என்பதை மொழி எப்போதோ கண்டுகொண்டது போலும்! மலையாளத்தில் இதே சொல் ‘அயல்கூட்டம்’ என்று வழங்குகிறது. அன்னியத்தைக் களைந்து அண்மையை மட்டும் நிலைநிறுத்த முயன்ற ஒரு பெரும்பணியின் பெயராக அது இன்று விளங்குகிறது.

1990-களின் தொடக்கத்தில் ஆலப்புழை நகரில், ஏழைத் தாய்மார்கள், குழந்தைகள் ஆகியோரின் ஊட்டச்சத்துக்காக யுனிசெஃப் துணையுடன் ஒரு திட்டம் நடைபெற்றது. அதில் அண்டை வீட்டுப் பெண்கள் சிறு குழுக்களாக ஒன்றுகூடினர். பின்னர் அம்முறை மலப்புறம் மாவட்டத்திற்குப் பரவியது. இவ்விரண்டு இடங்களின் அனுபவத்திலிருந்து ‘குடும்பஸ்ரீ’ என்னும் கேரள மாநில வறுமை ஒழிப்பு இயக்கம் உருவாயிற்று. 1998 மே 17 அன்று, அன்றைய பிரதமர் வாஜ்பாய் அதனை மலப்புறத்தில் தொடங்கி வைத்தார்.

ஆலப்புழைப் பெண்கள் முதலில் எதிர்கொண்ட கேள்வி ‘யார் ஏழை?’ என்பதே. கூலி வேலை செய்பவரின் ஆண்டு வருமானத்தைக் கணக்கிட்டு எழுதுவது எளிதன்று. எழுதினாலும் அது பெரும்பாலும் ஊகமே. எனவே வருமானத்தை விட்டுவிட்டுக் கண்ணால் காணத்தக்க ஒன்பது அடையாளங்கள் கொள்ளப்பட்டன: தக்க வீடின்மை, கழிப்பறையின்மை, அருகில் நல்ல குடிநீர் இல்லாமை, எழுத்தறிவற்ற பெரியவர், ஒருவர் மட்டுமே சம்பாதிப்பது அல்லது அதுவும் இன்மை, இருவேளை உணவுக்கே திண்டாட்டம், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை, குடிப்பழக்கத்திற்கு அடிமையானவர், தாழ்த்தப்பட்ட அல்லது பழங்குடிச் சமூகம். இவற்றுள் நான்கு பொருந்தினால் அக்குடும்பம் ஏழைக் குடும்பம்.

இம்முறையில் ஓர் ஆழ்ந்த நுட்பம் இருக்கிறது. அடுத்த வீட்டு அடுப்பு எரிந்ததா என்பது அலுவலகத்திற்குத் தெரியாது. அடுத்த வீட்டிற்குத் தெரியும். அதே வேளையில், ஒரு வீட்டின் குறையைப் பலர் முன் பேசுவது அவ்வீட்டாரை எளிதில் கூனிக்குறுகச் செய்துவிடும். பேசுபவரும் அதே வட்டத்தில் அமர்ந்து தம் வீட்டின் குறையையும் அவ்வாறே வெளியிட வேண்டியிருப்பதால்தான் அது அவமதிப்பாக மாறாமல் நிற்கிறது.

ஓர் அயல்கூட்டத்தில் பொதுவாகப் பத்து முதல் இருபது பெண்கள். ஒரு குடும்பத்திற்கு ஒருவர். வாரந்தோறும் கூட்டம், சிறு சேமிப்பு, அதிலிருந்து கடன். தலைவி, செயலாளர் ஆகியோருடன் உடல்நலம், வருவாய், அடிப்படை வசதி ஆகியவற்றுக்கு ஒவ்வொரு தொண்டர் வீதம் ஐவர் பொறுப்பேற்கின்றனர். இக்குழுக்கள் வார்டு அளவிலும் ஊராட்சி அளவிலும் ஒன்றிணைகின்றன. இவற்றைவிடக் கருதத்தக்கது, கூட்டம் உறுப்பினர் வீடுகளில் முறைவைத்து நடைபெறுவதாகும். ஓட்டு வீட்டுக்காரியும் ஒழுகும் குடிசைக்காரியும் மாறிமாறி விருந்தோம்புகிறார்கள். எவர் வீட்டு வாசலைக் கடக்கலாம், எவர் கையால் தேநீர் வாங்கிப் பருகலாம் என்ற பழைய கணக்குகளுக்கு எந்தச் சொற்பொழிவும் இத்தனை அமைதியாகச் சோதனை வைப்பதில்லை.

கீதை கூறும் ‘லோகசங்கிரகம்’ என்ற சொல்லுக்கு, மக்கள் நெறிதவறிச் செல்லாமல் தடுப்பது என்று சங்கரர் உரை வகுத்தார். சொல்லின் வேரோ, ஒன்றுசேர்த்துப் பிடித்துக்கொள்வதைக் குறிக்கிறது. கொடுப்பவன், பெறுபவன் என்ற பிளவு இருக்கும்வரை இந்த ஒன்றுசேர்ப்பு முழுமை அடைவதில்லை. இரக்கம் மேலிருந்து கீழே இறங்குகிறது. அயல்கூட்டத்தின் பாயிலோ மேலும் இல்லை, கீழும் இல்லை.

ஆயினும் குறையே இல்லை என்று கூறுவது உண்மையாகாது. கடனே மையமாகிவிட்டால் கூட்டம் தவணை வசூலிக்கும் இடமாகச் சுருங்கிவிடும். தவணை தவறியவரை நெருக்குபவர்களும் அதே அண்டை வீட்டார்தாம். வாரச் சேமிப்புக்குக் கூட வழியற்றோர் அந்தப் பாயில் வந்து அமர்வதே இல்லை. ஏழைகளின் அமைப்பே மிக ஏழைகளைத் தவறவிடக்கூடும் என்பதை உணர்ந்தே, ஆதரவற்ற குடும்பங்களுக்கென ‘ஆஸ்ரயா’ திட்டம் 2002-இல் வகுக்கப்பட்டது. அவர்களிடம் சேமிப்பு கேட்பதற்கு மாறாக, உணவு, மருந்து, உறைவிடம் ஆகியவற்றுக்கு ஏற்பாடு செய்வதே அதன் முறை.

2018 பெருவெள்ளம் வடிந்தபின், சேறு படிந்த வீடுகளையும் பொதுக் கட்டடங்களையும் தூய்மைப்படுத்த இப்பெண்கள் பெருந்திரளாக இறங்கினர். 2020 ஊரடங்கில் உள்ளாட்சிகள் நடத்திய சமூகச் சமையற்கூடங்களில் அடுப்பேற்றியவர்களும் இவர்களே. யார் வீட்டில் படுக்கையில் கிடக்கும் முதியவர் இருக்கிறார் என்று புதிதாகக் கணக்கெடுக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை.

குடும்பத்திற்கு ஒருவர் என்ற விதியால், மாமியார் உறுப்பினராக உள்ள வீட்டில் மருமகளுக்கு இடம் கிடைக்காமல் இருந்தது. 2021-இல் 18 முதல் 40 வயது வரையுள்ள பெண்களுக்கெனத் துணைக்குழுக்கள் தொடங்கப்பட்டபோது அந்த வாசலும் திறந்தது.