கணக்கும் கடைமடையும்

வாய்க்காலில் எவ்வளவு நீர் திறக்கப்பட்டது என்று தலைமடைக்காரர் கேட்பதில்லை, கேட்பவர் கடைமடைக்காரரே. பரம்பிக்குளம்–ஆழியாறுத் திட்டத்தின் நீர், திருமூர்த்தி அணையிலிருந்து புறப்பட்டு நெடுந்தொலைவு கடந்து வெள்ளகோவில் பகுதியை அடைவதற்குள் எங்கெங்கே குறைகின்றது என்பது நம் உழவர் பெருமக்களின் நெடுநாளையக் கவலை. “அணையில் இவ்வளவு திறந்தோம்” என்னும் செய்தி மட்டும் அவர்களுக்குப் போதுவதில்லை. மதகுதோறும் வந்த அளவையும் போன அளவையும் பார்த்தாலன்றி, இழப்பு நேர்ந்த இடம் புலப்படாது.

நெசவாளர் நிலையும் இதுவே. சங்கத்திலிருந்து பாவு நூலும் ஊடை நூலும் பெறும்போது எடை உண்டு. துணியைத் திருப்பித் தரும்போது எடையும் உண்டு, அளவும் உண்டு. கழிவுக்கு ஒரு வரம்பு வைத்திருக்கின்றோம். அவ்வரம்பு கடந்தால் கேள்வி எழுகின்றது. அக்கேள்வி எவரையும் இழிவுபடுத்துவதற்காக எழுவதன்று. கணக்கு என்பதன் இயல்பே அது.

பொதுப்பணமும் ஒரு வாய்க்கால் நீரே. ஒரு கட்டு நூலே. அது புறப்பட்ட அளவையும் வந்து சேர்ந்த அளவையும் மக்கள் அருகருகே வைத்துப் பார்க்க இயலுமா என்பதே இம்மாதப் பாடத்தின் பொருள்.

தலைமடையும் கடைமடையும்

ஆப்பிரிக்காவிலுள்ள உகாண்டா நாட்டில் ஆரம்பப் பள்ளிகளுக்கு அரசு மாணவர் தலைக்கு இவ்வளவு என்று மானியம் அளித்து வந்தது. 1991 முதல் 1995 வரையிலான கணக்கை ஆராய்ச்சியாளர்கள் பள்ளி பள்ளியாகச் சென்று பார்த்தபோது, புறப்பட்ட தொகையில் சராசரியாக 100-க்கு 13 பங்கே பள்ளிகளை அடைந்திருந்தது. எஞ்சியது இடைவழியில் நின்றுவிட்டது. அதன் பின்னர் அந்நாட்டரசு, மாவட்டந்தோறும் அனுப்பிய தொகையைச் செய்தித்தாள்களில் வெளியிட்டது. பள்ளிக்கு வந்த தொகையைப் பள்ளியிலேயே எழுதி ஒட்டச் செய்தது. 2001-ஆம் ஆண்டில் 100-க்கு 80 பங்கிற்கு மேல் பள்ளிகளை வந்தடைந்தது. இம்மாறுதலுக்குப் பிற காரணங்களும் உண்டு என்று அறிஞர் கூறுவர். ஆயினும், தலைமடையின் அளவு கடைமடையிலிருந்த பெற்றோருக்குத் தெரிந்தது என்பது ஒரு பெருங்காரணம் என்பதில் ஐயமில்லை.

கணக்குக் கேட்கும் முறை நமக்குப் புதியதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள், வாரியத்தில் பணியாற்றிக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய குறிப்பிட்ட உறவினரும் மீண்டும் வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படத் தகுதியற்றவர் என்று விதிக்கின்றன. அச்சபை ஊரார் அனைவர்க்கும் உரியதாக இருக்கவில்லை என்பதையும் நாம் மறைக்கலாகாது. ஆயினும், விதியை ஓலையில் எழுதிப் பூட்டி வைக்காமல் கோயிற் சுவரில் வெட்டி வைத்த செயல் நம் சிந்தனைக்குரியது.

இராஜஸ்தான் தந்த பாடம்

நம் காலத்தில் இவ்வழியைக் காட்டியவர் பெரும் படிப்பாளிகள் மட்டுமல்லர். கூலி வேலை செய்த ஆண்களும் பெண்களுமே. இராஜஸ்தானத்தில் வறட்சி நிவாரண வேலைகளில் குறைந்தபட்சக் கூலி முறையாகக் கிடைக்காமையால், 1990-இல் ‘மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன்’ என்னும் அமைப்பு தோன்றியது. அருணா ராய், நிகில் தே, சங்கர் சிங் ஆகியோர் அதன் முன்னோடிகள். “நீங்கள் வேலை செய்யவில்லை என்று பதிவேடு கூறுகிறது” என்பதே கூலி கேட்டவர்களுக்குக் கிடைத்த விடை. அவ்வாறாயின் அப்பதிவேட்டைக் காட்டுங்கள் என்று அவர்கள் கேட்டனர். ஒரு பெரும் இயக்கம் இச்சிறு கேள்வியிலிருந்தே பிறந்தது.

1994 டிசம்பரில் பாலி மாவட்டத்துக் கோட் கிரானா என்னும் ஊரில் முதல் மக்கள் விசாரணை நடைபெற்றது. வருகைப் பட்டியலும் செலவுச் சீட்டுக்களும் ஊரார் நடுவே உரக்கப் படிக்கப்பட்டன. அவ்வூரிலும் அடுத்தடுத்து விசாரணை நடந்த ஊர்களிலும், வேலைக்கே வராதவர் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்தமையும், முடியாத கட்டடம் முடிந்ததாகக் காட்டப்பட்டிருந்தமையும் வெளிப்பட்டன. அலுவலகத்தில் இருந்தவரை அத்தாள்கள் பழுதற்றவை. கையொப்பம் இருந்தது, கூட்டுத்தொகை சரியாக இருந்தது. ஊரில் படிக்கப்பட்ட கணத்திலேயே அவற்றின் பொய் புலனாயிற்று. ஏனெனின், இன்னார் இறந்து ஆண்டுகள் பல ஆயின என்பதும், இன்னார் அம்மாதம் வெளியூரில் இருந்தார் என்பதும் ஊராருக்குத்தான் தெரியும்.

1996 ஏப்ரலில் பியாவர் நகரில் இவர்கள் தொடங்கிய அறப்போராட்டம் 40 நாட்கள் நீடித்தது. “எங்கள் பணம், எங்கள் கணக்கு” என்பது அவர்கள் முழக்கத்தின் பொருள். தமிழ்நாடு 1997-இலேயே தகவல் அறியும் சட்டம் ஒன்றை இயற்றிற்று. ஆயினும் அதில் விலக்குகள் மிகுதி. நாடு முழுவதற்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம், வேலைகளின் சமூகத் தணிக்கையைக் கிராம சபையின் கடமையாக்கியது.

நம் வீட்டருகே நிகழ்ந்தது

உழவர்களுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணைகளில் வழங்கும் பிரதமர் கிசான் திட்டம் 2019-இல் தொடங்கியது. 2020-இல் தமிழ்நாட்டில் சேர்க்கை வழக்கத்துக்கு மாறாக ஏறியது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் முதலிய மாவட்டங்களில் ஆராய்ந்தபோது, நிலமில்லாதவர் பலர் உழவராகப் பதியப்பட்டிருந்தனர். அலுவலர்களுக்குரிய கடவுச்சொற்களைப் பிறர் பயன்படுத்தி இதனைச் செய்திருந்தனர். தகுதியற்றவர் ஏறக்குறைய 5.5 லட்சம் பேர் என்றும், முறைகேடாகச் சென்ற தொகை சுமார் 110 கோடி ரூபாய் என்றும் அவ்வாண்டு செப்டம்பரில் அரசின் வேளாண்மைத் துறைச் செயலர் அறிவித்தார். குற்றப்பிரிவுக் காவல்துறை வழக்குப் பதிந்தது. தொகையைத் திரும்பப் பெறும் பணி தொடங்கிற்று.

இங்கே நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. பயனாளிகள் பட்டியலைக் கிராமவாரியாகப் பார்க்கும் வசதி அத்திட்டத்தின் இணையதளத்தில் இருந்தது. அப்பட்டியலைத் தம் ஊர் டீக்கடைத் திண்ணையில் வைத்து எவரேனும் ஒருமுறை வாசித்திருப்பின், காணி நிலமும் இல்லாத பெயர்களை உடனே சுட்டிக் காட்டியிருக்கலாம். தகவல் திறந்துதான் இருந்தது, வாசிப்பார் இல்லை. பூட்டிய கணக்கு ஊழலுக்கு முதல் துணை என்றால், திறந்தும் வாசிக்கப்படாத கணக்கு அதன் இரண்டாம் துணை.

செய்முறை

ஆகவே, வாசிக்கும் முறையைக் கற்போம். ஊரில் நடந்த எல்லா வேலைகளையும் ஒருங்கே எடுத்துக்கொள்ள வேண்டா. ஒரே ஒரு வேலையை எடுங்கள்.

முதலாவது, தாள்களைச் சேர்த்தல். ஊராட்சிகளின் திட்டமும் செலவும் ‘இ-கிராம் ஸ்வராஜ்’ தளத்திலும், ஒப்பந்தப்புள்ளிகள் மாநில அரசின் ஒப்பந்தப்புள்ளித் தளத்திலும் வெளியாகின்றன. அங்குக் கிடைக்காதவற்றை 10 ரூபாய் கட்டணத்துடன் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பொதுத் தகவல் அலுவலரிடம் கேட்கலாம். மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகம், பட்டியல் ஆகிய நான்கின் நகல்களையும் பெயர் குறித்துக் கேட்க வேண்டும். “எல்லா விவரமும் தருக” என்று கேட்பவருக்கு ஒரு விவரமும் கிடைப்பதில்லை. 30 நாட்களுக்குள் விடை வர வேண்டும். வராவிடில் மேல்முறையீடு உண்டு.

இரண்டாவது, அளத்தல். உதாரணமாக, மதிப்பீட்டில் 200 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனமுள்ள கான்கிரீட் சாலை என்று இருப்பதாகக் கொள்வோம். இவற்றைப் பெருக்க 90 கன மீட்டர் வரும். தெருவிலே கனம் 10 சென்டிமீட்டர்தான் எனில் 60 கன மீட்டரே போடப்பட்டிருக்கும். மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆனால் ஓரத்தில் அளந்த கனம் நடுவிலும் அதுவேயாகும் என்று கொள்ளலாகாது. வேலையை நேரில் பார்வையிடவும் சான்றிட்ட மாதிரிகளைப் பெறவும் அச்சட்டத்தின் 2(j) உட்பிரிவு உரிமை தருகின்றது. அவ்வுரிமையைப் பயன்படுத்துங்கள்.

மூன்றாவது, ஒப்பிடல். ஒரே ஆண்டில் ஒரே வகை வேலைக்குப் பக்கத்து ஊராட்சியில் என்ன செலவாயிற்று? ஒரே வேலை இரண்டு திட்டங்களின் கணக்கில் இரு முறை எழுதப்பட்டுள்ளதா? வேலை தொடங்கிய நாளுக்கு முன்னரே பட்டியல் தொகை வழங்கப்பட்டுள்ளதா? இக்கேள்விகளுக்குக் கூட்டலும் கழித்தலும் அறிந்தவரே விடை காணலாம்.

நான்காவது, சபையில் வைத்தல். தமிழ்நாட்டில் 2022 முதல் கிராம சபை ஆண்டுக்கு 6 நாட்கள் கூட வேண்டும் என்பது ஏற்பாடு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே கணக்கை உரக்கப் படித்து, விளக்கம் கேட்டு, அதனைத் தீர்மானப் புத்தகத்தில் பதியச் செய்ய வேண்டும்.

எச்சரிக்கைகள் சில

வேறுபாடு எல்லாம் திருட்டு ஆகாது. வேலை நடக்கும்போதே அலுவலரின் ஒப்புதலோடு அளவு மாறியிருக்கலாம். எழுத்துப் பிழை நேர்ந்திருக்கலாம். ஆகவே முதலில் விளக்கம் கேட்பதே முறை. பழி சுமத்திவிட்டுப் பின்னர் ஆதாரம் தேடுவோர், மெய்யான திருடனுக்கே உதவி செய்கின்றனர். அடுத்த முறை மெய்யே கூறினும் அவர் சொல் எடுபடாது.

தனி ஒருவராகச் செல்லவும் வேண்டா. இந்நாட்டில் தகவல் கேட்டமைக்காகத் தாக்கப்பட்டோரும் உயிரிழந்தோரும் உளர். பத்துப் பேர் கையொப்பமிட்ட கடிதத்துக்கு முன் மிரட்டல் தயங்கும். கூட்டுறவாளராகிய நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

மற்றொன்று: 2023-ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவைத் திருத்தித் தனிநபர் விவரங்களுக்கான விலக்கை விரிவாக்கியது. வங்கிக் கணக்கு எண், நோய் விவரம் முதலியவை ஊரார் பார்வைக்குரியவை அல்ல என்பதை நாமும் ஒப்புகின்றோம். ஆயின் பொதுப்பணம் பெற்றவர் பெயரே மறைக்கப்படுமானால், கோட் கிரானாவில் படிக்கப்பட்டது போன்ற பட்டியலை இனி எவர் படிப்பது? பொதுநலன் மேம்பட்டு நிற்கும்போது விவரத்தைத் தரலாம் என்னும் உட்பிரிவு இன்னமும் உள்ளது. மறுக்கப்படும் இடத்தில் அதனை எடுத்துக் காட்டுவது நம் கடமை.

நம் கதவைத் திறப்போம்

இறுதியாக, நம்மை நோக்கியும் ஒரு சொல். அரசின் பெரும் நிதியுதவியால் இயங்காத கூட்டுறவுச் சங்கங்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்ப் பொது அதிகார அமைப்பு ஆகா என்று 2013 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒரு கேரள வழக்கில் தீர்ப்பளித்தது. இதனைக் கேட்டு நிம்மதி அடையும் நிர்வாகி எவரேனும் இருப்பின், அச்சங்கத்தின் அங்கத்தினர்கள் விழித்துக்கொள்வது நலம். தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 1983-இன் 81-ஆம் பிரிவில் விசாரணையும், 87-ஆம் பிரிவில் தண்டத்தீர்வையும் உள்ளன. ஆனால் அவை நோய் முற்றிய பின் தரும் மருந்து. நூல் வாங்கிய விலை, கடன் பெற்றோர் விவரம், தள்ளுபடி பெற்ற தொகை ஆகியவற்றைப் பேரவையில் தாமாகவே படித்துக் காட்டும் சங்கத்துக்கு அம்மருந்து தேவைப்படாது. தன் கணக்கைத் திறந்து வைத்தவனுக்கே பிறர் கணக்கைக் கேட்கும் வாய் உண்டு.

கடைமடையில் நிற்பவர் கேட்காத வரையில் நீர் தானாக வந்து சேர்வதில்லை. பணமும் அவ்வாறே.

படிப்பு வட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. கோட் கிரானாவில் அலுவலகத் தாளின் பொய்யை ஊரார் எவ்வாறு கண்டனர்? தணிக்கையாளர் தாளை மட்டும் பார்த்து அதனைக் கண்டிருக்க இயலுமா?

2. உங்கள் ஊரில் சென்ற ஆண்டு முடிந்த வேலை ஒன்றைக் குறிப்பிடுக. அதற்குரிய நான்கு தாள்களையும் கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதுக.

3. மேற்கூறிய சாலையின் அகலம் 2.7 மீட்டராகவும் கனம் 12 சென்டிமீட்டராகவும் இருப்பின், எத்தனை கன மீட்டர் குறையும்?

4. நம் சங்கத்தின் கணக்கில் அங்கத்தினர் அனைவரும் அறிய வேண்டியவை எவை? தனியொருவரின் மானங்கருதி மறைக்க வேண்டியவை எவை?